முதியோரிடம் உணவுக் கேள்வித்தாள்: ஒரே பாட்டிக்கு 920 கிலோகலோரி என்றும் 2,300 கிலோகலோரி என்றும் வருகிறது. எதை நம்புவது?

கேட்டவர்: வெட்டாறு

உணவியல் முதுகலை இறுதியாண்டு மாணவி நான். ஆய்வேட்டுக்காகப் பாபநாசம், வலங்கைமான் பக்கத்துச் சில ஊர்களில் 60 வயதைக் கடந்த எண்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கோடை விடுமுறையில், பெரும்பாலும் மே மாதத்தில், சந்தித்து உணவு விவரம் சேகரித்தேன். ஒவ்வொருவரிடமும் இரண்டு கருவிகளைப் பயன்படுத்தினேன். முதலாவது, நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இன்று காலை எழும் வரை உண்டதையும் குடித்ததையும் சொல்லச் சொல்லும் 24 மணி நேர நினைவுகூர்தல் முறை. இரண்டாவது, நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளை வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றையும் கடந்த ஓராண்டில் எவ்வளவு அடிக்கடி உண்டீர்கள் என்று கேட்கும் வினாப்பட்டியல், அதாவது எஃப்.எஃப்.கியூ.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. எடுத்துக்காட்டாக, 45 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு நினைவுகூர்தல் முறையில் 920 கிலோகலோரியும், வினாப்பட்டியலில் 2,300 கிலோகலோரியும் வருகின்றன. அவர் ஒல்லியானவர்தான், ஆனால் நடமாட்டத்தோடு இருக்கிறார், வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார், எடை குறைந்ததாகவும் தெரியவில்லை. பத்துப் பதினைந்து பேரிடம் இரண்டு வாரம் கழித்து அதே வினாப்பட்டியலைத் திரும்ப நடத்தியபோது விடைகள் நன்றாக ஒத்துப்போயின. இரண்டு முறை வந்த எண்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவும் (உச்சம் 1) உயர்வாகவே வந்தது. அதனால் வினாப்பட்டியல் சரியானது என்று எழுதிவிடலாம் என்கிறார் ஒரு தோழி. எனக்கு மனம் ஒப்பவில்லை. வயதானவர்களின் நினைவாற்றல்தான் காரணமா, அல்லது நான் கேட்ட விதத்தில் பிழையா? நம்ப முடியாத குறைந்த கணக்கு உள்ளவர்களை ஆய்விலிருந்து நீக்கிவிடலாமா? களத்தில் பழகியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: குடமுருட்டி

அம்மா, உணவுக் கணக்கெடுப்புகளில் கள ஆய்வாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் தஞ்சை, நாகை மாவட்டங்களின் அடுக்களைகளில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நினைவாற்றலைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் தன் மகள் கல்யாணத்தில் எத்தனை கூட்டு வைத்தார்கள் என்று சொல்லக்கூடிய பாட்டிக்கு நேற்றைய சாப்பாடு மறந்துபோவதற்குப் பல வேளைகளில் ஒரே காரணம், நாம் கேட்கும் சொல்லுக்குள் அந்த உணவு அடங்கவில்லை என்பதுதான். "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சாப்பாடு என்பது சோறு. காலையில் குடித்த காபி, பதினொரு மணிக்கு மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்த பழையது, மாலையில் பேரப்பிள்ளை தின்றுவிட்டு மிச்சம் வைத்த முறுக்கு, கோயிலில் வாங்கி வந்த சுண்டல் ஆகியவற்றில் ஒன்றுகூட அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. பால் கலந்த காபியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டபராவுக்கு 100 மில்லி பசும்பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் என்றால் சுமார் 110 கிலோகலோரி ஆகும். நாளுக்கு மூன்று முறை குடிப்பவருக்கு 330 கிலோகலோரியை உங்கள் தாளில் காணவில்லை என்று பொருள்.

அமெரிக்க வேளாண் துறை இந்த நினைவுகூர்தல் முறையை ஐந்து சுற்றுகளாக நடத்துவதற்குக் காரணம் இதுதான். முதலில் குறுக்கிடாமல் சொல்லவிட வேண்டும். அடுத்து மறக்கக்கூடிய பானம், நொறுக்குத் தீனி வகைகளைக் கேட்க வேண்டும். பிறகு வேளையும் இடமும், பிறகு அளவும் சமைத்த விதமும், கடைசியாக இன்னொரு முறை முழுவதையும் படித்துக் காட்டி விடுபட்டதைக் கேட்க வேண்டும். நம் ஊரில் இதை மணிக் கணக்கில் கேட்பதைவிட வேலைக் கணக்கில் கேட்டால் விடை தெளிவாக வரும். பால்காரர் வந்த பிறகு, கோயில் மணி அடித்த பிறகு, பேரன் பள்ளியிலிருந்து வந்த பிறகு என்று நாளை நடத்திச் செல்லுங்கள்.

அடுத்தது அளவு. உங்கள் 2,300 கிலோகலோரியில் பெரும்பகுதி சோற்றுக் கணக்கில் ஒளிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒரு வீட்டில் 1 கிலோ அரிசி வடித்து 2 கிலோ 800 கிராம் சோறு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி அதில் 350 கிராம் சோறு உண்டால் அது 125 கிராம் அரிசி, அதாவது ஏறத்தாழ 445 கிலோகலோரி. அந்த 350 கிராமை அரிசியின் எடையாக அட்டவணையில் ஏற்றினால் 1,246 கிலோகலோரி ஆகிவிடும். பழையதாக இருந்தால் இரவெல்லாம் நீர் குடித்து இன்னும் கனத்திருக்கும். ஆகவே சமைத்த மொத்தத்தையும் அளக்க வேண்டும், போட்ட அரிசியையும் நிறுக்க வேண்டும், அதில் பாட்டியின் பங்கைக் கணக்கிட வேண்டும். 1972இல் தொடங்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியில் அளவிட்ட கிண்ணங்களைக் கையோடு கொண்டுபோனது இதற்காகத்தான். ஆழாக்கு, உழக்கு, படி என்று சொல்பவர்களிடம் அந்தப் பாத்திரத்தையே எடுத்து வரச் சொல்லித் தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள். ஒரு வீட்டுப் படியும் அடுத்த வீட்டுப் படியும் ஒன்றாக இருப்பதில்லை.

குழம்பு வகையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பல் இல்லாதவர்களும் வாயுத் தொல்லைக்கு அஞ்சுகிறவர்களும் சாம்பாரில் மேலாகத் தெளிவை மட்டும் ஊற்றிக்கொள்வார்கள். பருப்பு அடியில் மண்டியாக நின்று மற்றவர் தட்டுக்குப் போகும். ஒரு கரண்டி சாம்பார் என்று எழுதி, வீட்டின் செய்முறைப்படி பருப்பைப் பங்கிட்டால் பாட்டி உண்ணாத புரதத்தை அவர் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். மீன் குழம்பிலும் அப்படியே, குழம்பு ஒருவருக்கும் துண்டு இன்னொருவருக்கும் போகும். வெற்றிலை போடுகிறவர்களிடம் சுண்ணாம்பையும் கேளுங்கள். கால்சியம் கணக்குப் போடுகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. மருத்துவர் கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளையும் கேள்வித்தாளில் ஒரு வரியாகச் சேருங்கள். மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து எழுதுங்கள்.

மே மாதத்தில் போனது பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல்தான் திறக்கப்படும் என்பதால் வாய்க்கால்களும் வறண்டு கிடக்கும். கெண்டையும் இல்லை, வரப்புக் கீரையும் இல்லை. அந்த மாதத்தில் ஓராண்டுச் சராசரியைச் சொல்லுங்கள் என்று கேட்டால், கண் முன்னால் இருக்கும் மாதத்தையே ஆண்டாகச் சொல்வார்கள். மறுபக்கம் மாம்பழக் கணக்கு வீங்கியிருக்கும். இதெல்லாம் போக, மாதத்துக்கு ஒரு மகன் வீடு என்று முறை வைத்துச் சாப்பிடுகிற பெரியவர்கள் உங்கள் பட்டியலில் எத்தனை பேர் என்று பாருங்கள். அவர்களுக்கு ஓராண்டுச் சராசரி என்று ஒன்றைக் கேட்பது, மூன்று அடுக்களைகளை ஒரே தட்டில் கொட்டிக் கிளறச் சொல்வது போல.

பதில் 2: அரசலாறு

நான் ஆய்வாளர் அல்ல. திருவையாறு பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்து, என் மாமியாரிடம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். பால் தினமும் குடிக்கிறீர்களா என்ற கேள்விக்கு அத்தை என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "குறையே இல்லை, வேண்டியதெல்லாம் என் மருமகள் கொடுக்கிறாள்" என்றார். உண்மையில் பால் அவருக்குப் பிடிக்காது. கொடுத்தாலும் பூனைக்கு வைத்துவிடுவார். பழம், முட்டை, கீரை என்று எதைக் கேட்டாலும் அந்த விடைகள் எல்லாம் எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றும் விடைகளாகவே இருந்தன.

எண்ணெய் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்ற கேள்விகளை அத்தையிடம் கேட்டது இன்னொரு விந்தை. அவர் அடுப்படிக்குள் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. என்னைக் கேட்டிருந்தால் மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம், எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் நான் பள்ளிக்குப் போன பிறகு பகலில் அவர் என்ன எடுத்துச் சாப்பிடுகிறார் என்பது எனக்கும் தெரியாது. ஆகவே சமைத்தது எங்களிடம், உண்டது அவர்களிடம் என்று பிரித்துக் கேட்பதுதான் முறையாக இருக்கும் என்று தோன்றுகிறது. அவர்களிடம் கேட்கும்போது நாங்கள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: வெண்ணாற்றங்கரை

மேலே இருவரும் சொன்னது பிழை எங்கே பிறக்கிறது என்பது. பிறந்த பிழையின் அளவை எப்படி அறிவது, அதை வைத்துக்கொண்டு எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதைப் பற்றி, நோய்ப்பரவலியலில் புள்ளியியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பாட்டி. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. பல்கலைக்கழகமும் 1985இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி 60 வயதைக் கடந்த பெண்ணின் அடிப்படை வளர்சிதை ஆற்றல், எடையை 10.5ஆல் பெருக்கி 596ஐக் கூட்டினால் கிடைக்கும். 45 கிலோவுக்கு ஏறத்தாழ 1,070 கிலோகலோரி. அசையாமல் படுத்திருந்தாலே செலவாகும் தொகை இது. இந்தியர்களுக்கு இது சற்றுக் குறைவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், கோலம் போடுகிற பாட்டி 920 கிலோகலோரியில் எடை குறையாமல் இருக்க வழியில்லை. 2,300 என்பது அடிப்படை ஆற்றலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அது நாற்று நடுகிறவருக்குப் பொருந்தும், அவருக்குப் பொருந்தாது. ஆக, இரண்டு கருவிகளும் எதிரெதிர்த் திசையில் தவறியிருக்கின்றன. உண்ட ஆற்றலை அடிப்படை ஆற்றலால் வகுத்து ஐயத்துக்குரிய விடைகளைக் கண்டறியும் இந்த வழியைக் கோல்ட்பர்க் முதலானோர் 1991இல் முறைப்படுத்தினர். ஆனால் அந்த வழி, எடை நிலையாக இருப்பவர்களுக்கே பொருந்தும். முதியோரில் சிலர் மெய்யாகவே குறைவாக உண்டு, மெய்யாகவே மெலிந்துகொண்டிருப்பார்கள். விகிதம் குறைவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அனைவரையும் நீக்கினால், எவரைக் கண்டுபிடிப்பதற்காக ஆய்வு தொடங்கப்பட்டதோ அவர்களையே நீக்கிவிடுவீர்கள். எடையை இன்னொரு முறை எடுத்துப் பார்க்காமல் ஒருவரையும் நீக்க வேண்டாம்.

இந்தக் குறைச்சொல்லல் நம் ஊர் நோய் அன்று. உடல் செலவிடும் ஆற்றலை, அடையாளமிட்ட ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கச் செய்து அளக்கும் முறை மனிதரிடம் 1980களில் வந்த பிறகுதான், கேள்வித்தாள்கள் எவ்வளவு தவறுகின்றன என்பதே தெரியவந்தது. அமெரிக்காவில் 40 முதல் 69 வயது வரையிலான 484 பேரிடம் நடந்து 2003இல் வெளியான 'ஓப்பன்' ஆய்வில், நினைவுகூர்தல் முறையில் ஆண்கள் 12 முதல் 14 விழுக்காடும் பெண்கள் 16 முதல் 20 விழுக்காடும் ஆற்றலைக் குறைத்துச் சொல்லியிருந்தனர். வினாப்பட்டியலிலோ அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போனது. அங்கே வினாப்பட்டியல் குறைத்துக் காட்டியது, உங்களிடம் கூட்டிக் காட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். பட்டியலின் நீளமும் பரிமாறும் அளவாக எதை வைத்தீர்கள் என்பதும் திசையையே மாற்றிவிடும். முருங்கைக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று ஆறையும் தனித்தனியே படித்தால் ஒவ்வொன்றுக்கும் "வாரம் ஒரு முறை" என்று விடை வரும். வீட்டில் கீரை சமைப்பதோ வாரத்துக்கு இரண்டு நாள். மொத்தமாகக் கீரை எத்தனை நாள் என்று முதலில் கேட்டு, அந்த எண்ணுக்குள் மற்றவற்றைப் பங்கிட வேண்டும்.

முதியோருக்கே உரிய ஒரு பிழையையும் சொல்கிறேன். அமெரிக்காவில் முதியோர் கூடி உண்ணும் இடங்களில் அவர்கள் தட்டை அவர்கள் அறியாமல் நிறுத்து, மறுநாள் நினைவுகூரச் சொல்லிப் பார்த்த ஆய்வு ஒன்று 1976இல் வெளியானது. குறைவாக உண்டவர்கள் கூட்டியும் நிறைய உண்டவர்கள் குறைத்தும் சொல்லியிருந்தார்கள். இதன் விளைவு கொடியது. குழுவின் சராசரி ஏறத்தாழச் சரியாக வரும், ஆனால் பசித்திருப்பவர் சராசரிக்குள் மறைந்துவிடுவார். அரசலாறு அவர்கள் சொன்ன திண்ணைக் காட்சியும் இந்த வகைதான்.

உங்கள் தோழி சொல்லும் ஒட்டுறவுக் கெழுவுக்கு வருவோம். இரண்டு வாரம் கழித்து அதே விடை வந்தது என்றால், ஒரே தவற்றை இரண்டு முறை ஒரே மாதிரி செய்தீர்கள் என்றும் பொருள் கொள்ளலாம். ஒரு கருவி எல்லோருக்கும் இரு மடங்காகக் காட்டினாலும் ஒட்டுறவு 1 வரும். இரண்டு கருவிகளின் வேறுபாட்டைச் சராசரிக்கு எதிரே வரைந்து பார்க்கும் பிளாண்ட்–ஆல்ட்மன் முறையை (1986இல் வந்தது) பயன்படுத்துங்கள். குறைவாக உண்பவர்களிடம் வேறுபாடு ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு நாள் நினைவுகூர்தலை வைத்து ஒரு தனி மனிதரின் வழக்கமான உணவைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. ஆற்றலுக்குச் சில நாள்கள் போதும். வைட்டமின் ஏ போன்றது ஒரு நாள் கீரையிலோ ஈரலிலோ மொத்தமாக வந்துவிட்டுப் பல நாள் வராமல் இருப்பதால், அதற்கு வாரக் கணக்கில் தேவைப்படும். குறைந்தது இரண்டு நாள்கள், அடுத்தடுத்த நாளாக இல்லாமலும் ஏகாதசி, கிருத்திகை, அமாவாசை போன்றவை எவ்வளவு வருமோ அவ்வளவு வரும்படியும் எடுங்கள். விரத நாளைத் தவிர்த்துவிட்டுப் போவது ஆய்வாளர்களின் வழக்கம். ஆனால் மாதத்தில் நான்கைந்து நாள் ஒரு வேளை மட்டும் உண்பவருக்கு அதுவும் வழக்கமான உணவுதான்.

எந்த அட்டவணையில் கணக்கிட்டீர்கள் என்றும் எழுதுங்கள். தீட்டிய பச்சரிசி 100 கிராமுக்குப் பழைய அட்டவணை 6.8 கிராம் புரதம் காட்டும். 528 உணவுகளைக் கொண்ட 2017ஆம் ஆண்டு இந்திய உணவுக் கூறு அட்டவணை 7.9 கிராம் காட்டும். நாளுக்கு 250 கிராம் அரிசி உண்பவருக்கு இதிலேயே கிட்டத்தட்ட 3 கிராம் புரத வேறுபாடு. ஒரு வாய் கூட உண்ணாமல் வந்த புரதம் அது. வடித்த கஞ்சியோடு போகும் பி வைட்டமின்களைச் சமைக்காத அரிசிக்கான அட்டவணை தானாகக் கழித்துத் தராது. (இன்றைய ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் குன்னூரில், தயமின் (பி1 வைட்டமின்) குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயவே தொடங்கப்பட்டது, அரிசியும் தயமினும் என்ற அந்தக் கேள்வி இன்னும் நம் வடிதட்டில் இருக்கிறது.)

மேற்பார்வையாளர் இசைந்தால் சிலரிடமாவது புரதத்தைச் சிறுநீர் வழியாகச் சோதிக்கலாம். புரதத்தோடு உண்ட நைட்ரஜனில் ஏறத்தாழ 80 விழுக்காடு சிறுநீரில் வெளியேறும் என்பதால், 24 மணி நேரச் சிறுநீரின் நைட்ரஜனை 0.81ஆல் வகுத்து 6.25ஆல் பெருக்கினால் புரதம் கிடைக்கும். ஆனால் முழு நாளும் சேகரித்தார்களா என்பதே முதியோரிடம் பெரும் ஐயம். இரவில் நான்கு முறை எழுந்து கொல்லைப்பக்கம் போகிறவரிடம் ஒவ்வொரு முறையும் புட்டியைத் தேடு என்று சொல்வது எளிதன்று. சேகரிப்பு முழுமையா என்று பார்க்க விழுங்கச் செய்து சிறுநீரில் அளக்கும் பாபா (பாரா-அமினோபென்சாயிக் அமிலம்) மாத்திரையும், வயதான சிறுநீரகம் அதை மெதுவாக வெளியேற்றுவதால், முழுமையான சேகரிப்பையும் குறைபாடாகக் காட்டக்கூடும். முதுகலை ஆய்வேட்டுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. சில வீடுகளில் ஒரு நாள் முழுவதும் தராசோடு உட்காருவது இதைவிடப் பயன் தரும்.

கடைசியாக, இந்தத் தரவை வைத்து "இவ்வூர் முதியோரில் இத்தனை விழுக்காட்டினருக்குப் புரதம் போதவில்லை" என்று எழுத வேண்டாம். யார் மீன் உண்கிறார், யார் உண்பதில்லை, யார் பருப்பை மிகக் குறைவாக உண்கிறார் என்று வரிசைப்படுத்தும் அளவுக்கு வினாப்பட்டியல் உதவும். கிராம் கணக்கைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை.

கேட்டவர்: வெட்டாறு (ஐந்து வாரங்களுக்குப் பின்)

மூவருக்கும் நன்றி. மேற்பார்வையாளரிடம் பேசி, விகிதம் மிகக் குறைவாக வந்தவர்களில் 12 பேரின் வீடுகளுக்கு மட்டும் தராசும் கிண்ணங்களும் எடுத்துக்கொண்டு மீண்டும் போனேன். சமைத்ததை மருமகளிடமோ மகளிடமோ கேட்டேன், உண்டதைப் பெரியவர்களிடம், மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு, நாளை நடத்திச் செல்லும் விதத்தில் கேட்டேன், எடையையும் எடுத்தேன். நான் எழுதிய அந்தப் பாட்டிக்கு இரண்டு நாள் சராசரி 1,430 கிலோகலோரி வந்தது. முதல் முறை விடுபட்டவை இரண்டு காபியும், பதினொரு மணிப் பழையதும், இரவுத் தோசைக்கு ஊற்றிய நல்லெண்ணெயும். வினாப்பட்டியலில் கூடியதற்குக் காரணம் குடமுருட்டி ஐயா சொன்னபடியே சோற்றை அரிசியாக ஏற்றியதுதான். அந்தப் பிழை என் கணினித் தாளில் எல்லோருக்கும் இருந்தது, திருத்திவிட்டேன்.

பன்னிருவரில் ஒருவர் மட்டும் மாறவில்லை. 71 வயதுப் பெரியவர், மனைவியை இழந்தவர். மே மாதத்தில் 900க்குக் கீழே சொன்னார், இப்போது தராசு வைத்து நிறுத்தபோதும் அதே கணக்குத்தான் வந்தது. எடை 3 கிலோ குறைந்திருந்தது. விழுங்கும்போது நெஞ்சில் அடைக்கிறது என்பதை மகனிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மகனோடு அனுப்பிவைத்திருக்கிறேன். முதல் வரைவில் நம்பத் தகாத விடை என்று குறித்து நான் நீக்கியிருந்த பெயர்களில் அவருடையதும் இருந்தது.